விலை குறைந்த ஐபோன் வேண்டாம், விலை குறைந்த லேப்டாப் வரட்டும்

ஆப்பிள் போன்ற ஒரு கம்பெனி விலை குறைந்த போனும் லேப்டாப்பும் விற்க வேண்டுமா என்று என்னைக் கேட்டால், போனுக்கு ஒரு பதிலும் லேப்டாப்புக்கு வேறொரு பதிலும் சொல்வேன். மன்னார்குடியில் போன் விற்பனையும் சர்வீஸும் நடத்துகிறேன். வடுவூர், நீடாமங்கலம், கூத்தாநல்லூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். இந்தியாவில் வாங்கும் சக்தி குறைவு, ஆகவே விலையைக் குறைத்தால் விற்கும் என்று சந்தை ஆய்வு எழுதுகிறவர்கள் சுலபமாக முடித்துவிடுகிறார்கள். கடைக்குள் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு அப்படி வருவதில்லை.

2013 செப்டம்பரில் ஆப்பிள் 5எஸ், 5சி என்று இரண்டு போன்களை ஒன்றாக அறிவித்தது. 5சி-க்குப் பிளாஸ்டிக் உடம்பு. பச்சை, நீலம், மஞ்சள் என்று பளிச்சிடும் நிறங்கள். உள்ளே முந்தைய ஆண்டின் சிப். ‘மலிவு ஐபோன்’ வருகிறது என்று பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதிவந்தது இதைத்தான். இந்தியாவுக்கு வந்தபோது 5சி 41,900 ரூபாய், 5எஸ் 53,500 ரூபாய். 41,900 ரூபாய் கொடுக்கத் துணிந்தவர் இன்னும் 11,600 ரூபாயைப் புரட்டிக் கைரேகை வைத்துத் திறக்கும் போனை வாங்குவாரா, பிளாஸ்டிக்கை வாங்குவாரா? எதிர்பார்த்ததைவிட வாடிக்கையாளர்கள் 5எஸ் பக்கம் அதிகம் சாய்ந்துவிட்டார்கள் என்று 2014 ஜனவரியில் ஆப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக்கே முதலீட்டாளர்களிடம் சொல்ல வேண்டி வந்தது.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தூரத்திலிருந்து நிறத்தைப் பார்த்தாலே எது மலிவு என்று தெரிந்துவிட்டது. டெல்டாவில் ஐபோன் வாங்குவது பெரும்பாலும் ஒரு சடங்கை ஒட்டித்தான். மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின், பைக் என்றிருந்த வரிசையில் ஐபோனும் வந்து உட்கார்ந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர் கடன் வாங்கியாவது முழு மாடலைத்தான் கேட்பார். “தம்பி, குறைந்த விலையில் ஒன்று இருக்கிறதாமே” என்று ஆரம்பிப்பவர்கூட, அதற்கும் மற்றதற்கும் வெளியே வித்தியாசம் தெரியும் என்றால் உடனே பின்வாங்கிவிடுவார். சம்பந்தி வீட்டில் ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்து “ஓ, இந்த மாடலா” என்று சொல்லிவிட்டால் மிச்சம் பிடித்த பத்தாயிரத்துக்கு அர்த்தமே இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

5சி-யில் கற்ற பாடத்தை ஆப்பிள் தலைகீழாகப் போட்டது. 2016-இல் வந்த எஸ்இ வெளியே பழைய 5எஸ் உடம்பு, உள்ளே அப்போதைய உயர்ந்த மாடலின் சிப். 2020-இல் வந்த இரண்டாவது எஸ்இ-யும் அப்படித்தான். ஐபோன் 8-இன் உடம்பில் ஐபோன் 11-இன் சிப். போனை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கொடுத்த காசுக்கு நியாயமான ஐபோன் இந்த எஸ்இ வரிசைதான். இதைவிட விற்கக் கஷ்டமான ஐபோனும் இருந்ததில்லை. எடுத்துக் காட்டினால் “அண்ணே, இது பழைய மாடல் மாதிரி இருக்கிறதே” என்பார்கள். சிப் எது என்று விளக்கினால் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டு, கண்ணாடி அலமாரியில் மூன்று கேமரா வைத்த போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை விரும்பி வாங்கியவர்கள் பள்ளி ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும்தான். சட்டைப் பையில் அடங்க வேண்டும், ஐந்தாறு வருடம் ஓட வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் கேட்டது.

அது மலிவாகவும் இல்லை. அமெரிக்காவில் 2020-இன் எஸ்இ 399 டாலர். அன்றைய மாற்று விலையில் 30,000 ரூபாய் சொச்சம். இங்கே 42,500 ரூபாய். அந்த ஏப்ரலில்தான் போனுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வெளியிலிருந்து வரும் போனுக்குச் சுங்கவரி அப்போது 20 சதவீதம், 2024 ஜூலை பட்ஜெட்டில்தான் 15 ஆகக் குறைந்தது. “ஸ்ரீபெரும்புதூரில் நம் ஊர்ப் பிள்ளைகள்தானே செய்கிறார்கள், பிறகு எதற்கு இந்த விலை?” என்று கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே நடப்பது முக்கியமாகப் பாகங்களைப் பூட்டுகிற வேலை. போனின் விலையில் அந்தக் கூலி சிறு பங்கு. திரையும் சிப்பும் கேமராவும் வெளியிலிருந்து வருகின்றன. கம்பெனி ‘மலிவு’ என்று அங்கே முடிவு செய்கிற விலை, மன்னார்குடி வருவதற்குள் வேறு ஒன்றாகிவிடுகிறது.

2025 பிப்ரவரியில் எஸ்இ-யின் இடத்துக்கு ஐபோன் 16இ வந்தது, 59,900 ரூபாய். அப்போது ஐபோன் 15-இன் பட்டியல் விலை 69,900. இங்கேதான் தவணை உள்ளே நுழைகிறது. பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 417 ரூபாய். ரொக்கமாக எண்ணிக் கொடுக்கிற காலத்தில் பத்தாயிரம் பெரிய தொகை. தவணையில் 417 ரூபாயை யார் பார்க்கிறார்கள்? இரண்டு கேமராவும், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் சார்ஜரும் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை ஏன் வாங்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிடும். தவணை இருக்கும்வரை நடுவில் நிற்கிற மலிவு மாடல் எடுபடாது என்பது என் தீர்மானமான எண்ணம்.

தவணையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதியில் பணம் மாதாமாதம் வருவதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை, அந்தப் பணம் புரட்டாசி ஐப்பசியில். சம்பா, தாளடிப் பணம் தை, மாசிக்கு மேல். கொள்முதல் நிலையத்தில் மூட்டை காத்துக் கிடந்தால் அதுவும் தள்ளிப்போகும். தவணைக்காரனோ ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் கணக்கிலிருந்து எடுக்கப் பார்ப்பான். பணம் இல்லையென்றால் வங்கி ஒரு அபராதம், அவன் ஒரு அபராதம். அதைவிட மோசம், சிபில் மதிப்பெண் இறங்குவது. இரண்டு வருடம் கழித்து டிராக்டர் கடனுக்குப் போகும்போது, பையனுக்கு வாங்கிக் கொடுத்த போன் முன்னால் வந்து நிற்கும். விவசாய வீட்டுக்காரர்கள் யார் வந்தாலும், அறுவடை முடிந்து கையில் பணம் வந்த பிறகு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். தவணைதான் வேண்டும் என்றால் முன்பணத்தைப் பாதிக்கு மேல் கட்டிவிட்டு ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்கிறேன். ‘வட்டியில்லாத் தவணை’ என்ற வார்த்தையையும் அப்படியே நம்பக்கூடாது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி அதில் கிடைக்காமல் போகலாம், நடைமுறைக் கட்டணம் தனி. இரண்டையும் கூட்டினால் வட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சரி, அப்படியானால் விலை குறைந்த ஐபோன் இங்கே இல்லையா? தாராளமாக இருக்கிறது. அதற்குச் செகண்ட் ஹேண்ட் என்று பெயர். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சவூதியிலோ துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார். நீடாமங்கலம், மன்னார்குடிப் பக்கம் சிங்கப்பூர். ஊருக்கு வரும்போது புதுப் போனோடு வருகிறார்கள், பழையது தம்பிக்கோ மச்சானுக்கோ போகிறது, அவரிடம் இருந்தது என் கடைக்கு வருகிறது. ஐபோன் 11, 12, 13 எல்லாம் இப்படித்தான் கைமாறிக் கைமாறி, ஐடிஐ படிக்கிற பையன் கைக்குப் போய்ச் சேர்கின்றன. அவன் கையில் இருப்பது மலிவு மாடல் அல்ல. ஒரு காலத்தில் முழு விலைக்கு விற்ற முழு மாடல். அதனால் அவனுக்கும் கூச்சமில்லை. கம்பெனி மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு தயாரிக்கிற மலிவு ஐபோனை இந்த வட்டாரம் தானாகவே தயாரித்துக்கொள்கிறது.

அந்த வியாபாரத்தில் வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. முதலில், விற்பவர் உங்கள் எதிரிலேயே தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுதாக அழித்து, புதிதுபோல் திறந்து காட்ட வேண்டும். “கடவுச்சொல் அண்ணனிடம் இருக்கிறது, அவர் குவைத்தில் இருக்கிறார், நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்” என்றால் பணத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அந்தப் பூட்டை நானும் திறக்க முடியாது, திறந்து தருகிறேன் என்று சொல்பவனும் திறக்க முடியாது. அடுத்து *#06# அடித்து, போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். திருட்டுப்போனதாகப் புகார் இருந்து முடக்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும். பிறகு செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் என்று போனால் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, அது ஒரிஜினலா என்று காட்டும். பேட்டரி மாற்றியதை 2018-இன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் முதலும், டிஸ்பிளே மாற்றியதை ஐபோன் 11 முதலும் போனே சொல்லிவிடும். செட்டிங்ஸில் பேட்டரியின் ஆரோக்கிய அளவு 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

வெளிநாட்டுப் போனில் புதிதாக ஒரு சிக்கல் வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஐபோன் 14 முதலே சிம் போடும் இடம் கிடையாது, எல்லாம் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம். 2025-இல் வந்த 17 வரிசையில் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் போன்களும் அப்படி ஆகிவிட்டன. இ-சிம் இங்கும் வேலை செய்யும். ஆனால் நாற்று நடவின்போது சேற்றில் போனைப் போட்டுவிட்டால், சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டு அன்றைய நாளை ஓட்டுகிற வசதி போய்விடும். அந்த வசதியின் அருமை 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, கரண்ட் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தவர்களுக்குத் தெரியும். அப்போது ஊரில் ராஜா பட்டன் போன்தான்.

சேறு என்றதும் ஒன்று. நெல் விளைகிற ஊர் என்பதால் நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பது எங்கள் ஊரில் கிட்டத்தட்டச் சாஸ்திரம். நெல்லுக்குள், தவிட்டுக்குள் புதைத்தவர்களும் உண்டு. சார்ஜிங் பின்னிலிருந்து குறுநொய்யை ஊசியால் குத்தி எடுத்து எனக்குச் சலித்துவிட்டது. அரிசியில் போடாதீர்கள், துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று 2024-இல் ஆப்பிளே எழுதிவைத்தது. அணைத்துவிட்டு, சார்ஜ் போடும் துளை கீழே பார்க்க நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஒரு நாளாவது சார்ஜ் போடாமல் இருங்கள். வேதாரண்யம், முத்துப்பேட்டை உப்புத் தண்ணீரில் விழுந்திருந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே திறந்து சுத்தம் செய்யக் கொடுத்துவிட வேண்டும். உப்பு போர்டைத் தின்றுவிடும்.

இனி என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். கம்பெனி குறைக்க வேண்டியது புதுப் போனின் விலையை அல்ல, பழைய போனை வைத்துக்கொள்ளும் செலவை. பேட்டரி, டிஸ்பிளே, பின்பக்கக் கண்ணாடி இந்த மூன்றும்தான் இங்கே ஐபோன் வைத்திருப்பவரை அழவைப்பவை. ஒரிஜினல் போட வேண்டும் என்றால் எங்கள் ஊர்க்காரர் திருச்சி வரை ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு போக வேண்டும். போகாதவர் இங்கேயே காப்பி காம்போ, அதாவது ஒரிஜினல் அல்லாத டிஸ்பிளே, போட்டுக்கொள்கிறார். நிறம் வெளிறும், தொடுவது சில நேரம் எடுக்காது, ‘பாகத்தைச் சரிபார்க்க முடியவில்லை’ என்ற வரி செட்டிங்ஸில் உட்கார்ந்துகொள்ளும், மறுவிலை விழுந்துவிடும்.

செலவைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது ஒரு முறை நடந்தே பார்த்தாகிவிட்டது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்தது 2017 டிசம்பரில் வெளியே வந்து பெரிய கலவரமானது. சமாதானமாக 2018 முழுவதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தை ஆப்பிள் இறக்கியது. இந்தியாவில் 6,500 ரூபாயாக இருந்தது 2,000 ரூபாய் ஆனது, வரி தனி. 6எஸ் வைத்திருந்தவர்கள் பேட்டரியை மாற்றிக்கொண்டு, புதுப் போனின் நினைப்பையே விட்டுவிட்டார்கள். 2019 ஜனவரியில் வருமானம் எதிர்பார்த்த அளவுக்கு வராது என்று டிம் குக் முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதியபோது, சொன்ன காரணங்களில் ஒன்று இந்தச் சலுகைப் பேட்டரி. மலிவு ஐபோன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கம்பெனிக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதனால்தான் அதைத் திரும்பச் செய்ய மாட்டார்கள் என்றும் நினைக்கிறேன். ஒரு திருப்பம் மட்டும் வந்திருக்கிறது. 2024-இல் ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 18 வந்தபின், வேறொரு ஐபோனிலிருந்து கழற்றிய ஒரிஜினல் பாகத்தைப் போட்டுச் சரிசெய்துகொள்ள வழி திறந்தார்கள். செத்த போர்டோடு வரும் ஐபோனின் டிஸ்பிளேவை இப்போது நான் தூக்கிப் போடுவதில்லை.

மலிவு மாடல் விட்டால் பெயர் கெட்டுவிடும் என்பவர்கள் பிளாக்பெர்ரியைச் சொல்வார்கள். அதிகாரிகள் கையில் இருந்தது, கர்வ் என்ற மலிவு மாடல் வந்தபின் கல்லூரிப் பையன்கள் கைக்கு வந்தது, அதோடு மதிப்புப் போனது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கர்வ் இருந்தவரை நன்றாகவே விற்றது. தொடுதிரையும் ஆப்களும் வந்தபோது அதனிடம் பதில் இல்லை, அதனால் போனது. சாம்சங்கோ பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் வரை எல்லாம் விற்கிறது, அதன் விலை உயர்ந்த எஸ் வரிசையின் மதிப்பு குறையவில்லை. பெயர் கெடுவது விலையால் அல்ல. வாங்கிய ஒரு வருடத்தில் திணறுகிற போனால்தான். முதல் போன் திணறியவர் அதே கம்பெனியின் விலை உயர்ந்த போனை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

லேப்டாப் கதை முற்றிலும் வேறு. லேப்டாப்பைக் கல்யாண வீட்டில் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அது வீட்டுக்குள், ஹாஸ்டல் அறைக்குள் இருக்கிறது. மலிவு மாடல் என்பதில் அவமானமே இல்லை. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினி எத்தனையோ விவசாய வீடுகளில் முதல் கம்ப்யூட்டர். அதைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் யாரும் வெட்கப்பட்டு நான் பார்க்கவில்லை. எறும்பு புகுந்தது, கீல் உடைந்தது, பேட்டரி செத்தது என்று வந்தார்கள், சரிசெய்துகொண்டு போய்ப் பட்டமும் வாங்கினார்கள்.

500 டாலருக்குக் குப்பையாக இல்லாத ஒரு கம்ப்யூட்டரைச் செய்ய எங்களுக்குத் தெரியாது என்று 2008-இல் ஆப்பிளை நடத்திவந்த ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். அன்று அது உண்மை. நெட்புக் என்ற அந்தக் காலத்து மலிவுச் சின்ன லேப்டாப்புகளைத் திறந்து பார்த்தவன் நான். ஆனால் 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சிப்பை, எம்1-ஐ, மேக்புக் ஏரில் போட்டதும் நிலைமை மாறிவிட்டது. அன்று 92,900 ரூபாய்க்கு வந்த அதே ஏர், பின்னாளில் பண்டிகைத் தள்ளுபடியில் 60,000 ரூபாயை ஒட்டி இறங்கியது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் வால்மார்ட் அதை 699 டாலருக்கு விற்கத் தொடங்கியது. புதிதாக ஒரு மட்டமான மாடலைச் செய்யாமல், நல்ல பழைய மாடலையே தொடர்ந்து விற்பது. இந்த வித்தை லேப்டாப்பில் அப்படியே எடுபடுகிறது. 2024 அக்டோபரில் அடிப்படை ஏரின் நினைவகத்தை விலை ஏற்றாமல் 8 ஜிபி-யிலிருந்து 16 ஆக்கினார்கள். எம்3 ஏர் வந்தபோது 1,14,900 ரூபாய், 2025 மார்ச்சில் எம்4 வந்தபோது 99,900, மாணவர்களுக்கு 89,900. இன்னும் இறங்க வேண்டும், இறங்கினால் கம்பெனிக்குத்தான் லாபம். கல்லூரியில் அதில் பழகிய பிள்ளை வேலைக்குப் போனதும் தன் காசில் அதையே வாங்கும்.

நாற்பதாயிரம் ரூபாய் விண்டோஸ் லேப்டாப்போடு ஒப்பிட்டால், ஏரில் விசிறி கிடையாது, தூசி அடைக்காது. 2020-இன் எம்1-க்கு 2025-இன் மேக்ஓஎஸ்-உம் வந்திருக்கிறது. ஆனால் உடைந்தால் என் கடையில் ஒன்றும் செய்ய முடியாது. நினைவகமும் சேமிப்பும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தவை, வாங்கும்போது என்ன அளவோ கடைசிவரை அதுதான். செகண்ட் ஹேண்டில் 8 ஜிபி ஏர் மலிவாகக் கிடைத்தால், பாடத்துக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்று கேட்டுக்கொண்ட பிறகே கை நீட்டுங்கள்.

அப்படிக் கேட்காமல் வாங்கி மாட்டிக்கொண்டவர்களைப் பார்க்கிறேன். கணக்கு எழுதுகிற டேலி மென்பொருள் மேக்கில் நேரடியாக ஓடாது. இயந்திரப் பாகங்களை வரைகிற சாலிட்வொர்க்ஸும் ஓடாது, ஆகவே மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைக்கு ஏர் ஆகாது. இ-சேவை மையம் வைக்கப் போகிறவருக்கும் கைரேகைக் கருவியும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியும் விண்டோஸில் சேர்வதுபோல் இதில் சுலபமாகச் சேராது. தமிழ் தட்டச்சைப் பொறுத்தவரை தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளும் மேக்கிலேயே இருக்கின்றன. ஆனால் அச்சகத்தில் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் கோப்பு வைத்திருப்பவர் மாறினால் திண்டாடிப் போவார். கம்ப்யூட்டர் சயின்ஸ், விஷுவல் கம்யூனிகேஷன், ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஏரைச் சொல்வேன்.

சென்ற ஜூனில் வடுவூரிலிருந்து ஒருவர் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் கும்பகோணத்தில் பி.காம்., மகன் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ். மகன் ஐபோன் கேட்டான், மகள் எது கொடுத்தாலும் சரி என்றாள். மகளுக்கு டேலிக்காக 16 ஜிபி விண்டோஸ் லேப்டாப், மகனுக்கு மாணவர் விலையில் ஏர் என்று எழுதிக் கொடுத்தேன். “ஐபோன்?” என்று அவன் இழுத்தான். முத்துப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு 13-ஐ எடுத்து, பேட்டரி அளவு, பாகங்களின் விவரம் எல்லாம் காட்டினேன். “சம்பா அறுக்கட்டும், பார்க்கலாம்” என்று அப்பா முடித்துவிட்டார். தை கடைசியில் பையன் தனியாக வந்தான். அந்த 13 அதற்குள் விற்றுப் போயிருந்தது.